செருப்புத் தேடும் நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனில் ஒரு லிஃப்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். எங்கள் சிங்காரம் அண்ணன் அங்கே புது ஃப்ளாட்டுக்குக் குடி போயிருக்கிறார். பால் காய்ச்சினார்கள். நானும் என் கணவரும் போயிருந்தோம். வயிறு முட்டச் சாப்பிட்டோம், ஜன்னலோரம் நின்று காற்று வாங்கினோம். "அப்ப நாங்க கிளம்பறோம் அண்ணே" என்று எழுந்தபோது நல்ல வெயில். லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றபோது தெரு விளக்கே எரிய ஆரம்பித்துவிட்டது.

நடுவில் என்ன செய்தோம் என்கிறீர்களா? ஒன்றும் செய்யவில்லை. விடைபெற்றுக்கொண்டிருந்தோம்!

கூடத்தில் ஒரு தடவை விடைபெற்றோம். வாசற்படியில் ஒரு தடவை. செருப்பு மாட்டியபின் ஒரு தடவை. லிஃப்ட் வந்ததும் என் கணவர் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நிற்க, அப்போதுதான் சிங்காரம் அண்ணன் மிக முக்கியமான சங்கதியை ஆரம்பித்தார். கதவு மூடப் பார்த்தது, காலில் இடித்தது, திறந்தது. மறுபடி மூடப் பார்த்தது. கீழ் மாடியிலிருந்து யாரோ ஹொக்கியன் சீனத்தில் திட்டினார்கள். கடைசியில் லிஃப்ட் ஒரு முனகல் முனகி அப்படியே நின்றுபோனது. அத்தனை மாடியையும் படியிறங்கித்தான் வந்தோம்.

அந்த முக்கியமான சங்கதி என்ன? கடைசியில் சொல்கிறேன். முக்கியமானதைக் கிளம்பும்போதுதானே சொல்ல வேண்டும்!

படியிறங்கும்போது எனக்கு டாக்டர் அருளானந்தத்தின் நினைவு வந்தது. வந்த சிரிப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்ன ஆச்சு மரகதம்?" என்று கணவர் பயந்துபோனார். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, தேக்காவில் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அருளானந்தம் அப்பாவின் வாடிக்கைக்காரர். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர், இங்கிலாந்துக்குப் போய்ச் சமூகவியல் படித்துவிட்டு வந்தவர். அங்கே போய் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார், யாழ்ப்பாணத் தமிழை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். வேட்டி விலையைப் பற்றிப் பேசினார். மறுபடியும் மழை. பிறகு "அப்ப வாறன்" என்று எழுந்தார். அப்பா கீழே கடை முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதை வரைக்கும் வழியனுப்பப் போனார். டாக்டர் ஒரு காலில் ஷூவை மாட்டினார். இன்னொரு கால் வெறும் சாக்ஸோடு தூணருகே நின்றது. அப்போதுதான், "பிள்ளைக்கு வேலை ஏதும் இருக்கோ? எனக்கு ஒரு உதவியாளர் தேவை" என்றார்.

அந்த இன்னொரு ஷூவை மாட்டி முடிப்பதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேலை தெரியுமா? கோட்பாடு கட்டுகிற வேலை. நாலு பேர் ஒன்றாகக் கூடினால் யார் பேசுகிறார், யார் குறுக்கே விழுகிறார், யார் தலையாட்டுகிறார், கடைசியில் யார் சொன்னது எடுபடுகிறது... இதையெல்லாம் கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்துக் குறிக்க வேண்டும். அதிலிருந்து டாக்டர் ஒரு கோட்பாடு கட்டுவார். அதை வைத்து அடுத்த கூட்டத்தில் என்ன முடிவு வரும் என்று முன்கூட்டியே சொல்வார். சொன்னபடி நடந்தால் கோட்பாடு நிற்கும். நடக்காவிட்டால் இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். "வீடு கட்டுறது மாதிரித்தான் பிள்ளை, ஆனா சீமெந்து இல்லை" என்பார்.

ஆராய்ச்சிக்கு அவர் பிடித்த குழு எது? டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்த நாடக மன்றம். பெயர் வேண்டாம் — அங்கே பழைய சண்டைகள் இன்னும் ஓயவில்லை!

மன்றத் தலைவர் நாராயணசாமி. மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தார். எத்தனை முறை குளித்தாலும் அவர் சட்டையில் மிளகாய்த்தூள் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் தும்மாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. "தும்மலை எந்தக் கட்டத்தில் போடுவது டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "தும்மல் கருத்தல்ல. விடும்" என்றார்.

செயலாளர் சவரிமுத்து. நாடகம் எழுதுவதும் அவர்தான். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேராக மன்றத்துக்கு வருவார். பிரசங்கம் நடக்கும்போதே வசனம் யோசித்துக்கொண்டிருப்பார் என்று கேள்வி.

கதாநாயகி யார்? நம் சிங்காரம் அண்ணன்!

ஆமாம், செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த சிங்காரம் அண்ணன்தான். பகலெல்லாம் இரும்பை உருக்கும் அந்தக் கை, மேடையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கும்போது பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் நாடகத்துக்கு முன்னால் மீசையை வழிப்பார். நாடகம் முடிந்ததும் வளர்ப்பார். பட்டறையில் அவர் உதட்டைப் பார்த்தே நாடகம் நெருங்கிவிட்டதென்று தெரிந்துகொள்வார்களாம்.

அந்த வருஷம் வம்பு வந்தது. அண்ணனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டுக்குப் போட்டோ போயாயிற்று — போட்டோவில் முறுக்கின மீசை! நாடகம் முடிந்த மறுவாரம் நேரில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஒத்திகையில் என் காதோடு வந்து புலம்பினார். "தங்கச்சி, போட்டோல ஒரு ஆளு, நேர்ல ஒரு ஆளு போய் நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க? நான் செத்தேன்."

"தலைவர்கிட்ட சொல்லுங்க அண்ணே."

"எப்படி தங்கச்சி சொல்றது? நான்தான் கதாநாயகின்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரியறாரு."

இங்கே என் கதையும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு நாடகம் என்றால் உயிர். கோடு கிழிக்கிற சாக்கில் அத்தனை ஒத்திகைக்கும் போய், கதாநாயகி வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் கண்ணாடி முன்னால் நின்று பேசுவேன். ஒருநாள் சவரிமுத்து மாடிப்படியில் நின்று, "நீ முணுமுணுக்கிறது என் வசனமாச்சே!" என்று பிடித்துவிட்டார். மறு கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இந்த வருஷம் கதாநாயகியாக ஒரு பெண்ணையே நடிக்க வைத்தால் என்ன?

பெண் யார் என்று அவர் எழுதவில்லை. எனக்குத் தெரியாதா! அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அந்த மேடையில் ஒரே ஒரு தரம் ஏறிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தன்று டாக்டர் என்னைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் முன்னுரை வழங்கினார்.

"என்ர கோட்பாட்டின்படி, குழுவில ஆருக்கு மதிப்புக் கூடவோ அவர்தான் கூடக் கதைப்பார். ஆர் கூடக் கதைக்கிறாரோ அவர் சொல்லுறதுதான் முடிவு. இண்டைக்குத் தலைவர் கதைப்பார், மற்றவை தலையாட்டுவினம், தீர்மானம் தோற்கும். சிங்காரம்தான் கதாநாயகி. விளங்குதோ?"

விளங்காமல் என்ன? என் தலையெழுத்தை ஒரு கோட்பாடு எழுதிவிட்டது. நான் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

"இன்னொண்டு. கூட்டம் நடக்கேக்கை நீர் ஒரு மரம். மரம் கதைக்குமோ?"

"கதைக்காது டாக்டர்."

"கூட்டம் முடியுமட்டும் வாய் திறக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். நான்கூடத் தலையாட்டுகிற கூட்டம்தான் போலிருக்கிறது!

கூட்டம் ஆரம்பித்தது. டாக்டர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். தலைவர் எழுந்தார். "குடும்பத்துப் பொண்ணுங்க மேடை ஏறலாமா? ஊரு என்ன பேசும்? நம்ம சிங்காரத்தை விடவா ஒரு பொம்பள நல்லா நடிச்சிடப் போறா?" என்று முழங்கினார். முழங்கிக்கொண்டே இருந்தார். நான் கோடு கிழித்துக்கொண்டே இருந்தேன். என் ஆசையில் நானே கோடு கிழிக்கிறேன் — இந்த அநியாயம் உலகத்தில் வேறு யாருக்காவது நடந்திருக்குமா?

சவரிமுத்து வாயைத் திறந்தார். தும்மல் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"சிங்காரம், நீ என்னப்பா சொல்றே?" என்றார் தலைவர்.

அண்ணனின் கை தானாக மீசைக்குப் போனது. ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு...

"தலைவர் சொன்னா சரி."

போச்சு. தீர்மானம் தோற்றது. எல்லோரும் கை தட்டினார்கள், நன்றியுரை முடிந்தது. டாக்டர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். முகமெல்லாம் பல். "அப்பிடியே நடந்துது, பாத்தீரோ!" என்று என் காதில் சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். கூட்டம் முடிந்தால் கிளம்பிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் கற்றுக்கொண்ட மரியாதை.

ஆனால் டன்லப் ஸ்ட்ரீட்டில் கூட்டம் முடிந்தால் என்ன நடக்கும்? செருப்புத் தேடுவார்கள்!

அந்தக் காலத்தில் எல்லோர் காலிலும் ஒரே மாதிரி ஜப்பான் ரப்பர் செருப்பு. படி உச்சியில் மலையாகக் குவிந்து கிடக்கும். ஒருவர் கையில் இடது கிடைக்கும், வலது கிடைக்காது. இன்னொருவர் மாட்டிய பிறகுதான் அது தன்னுடையதில்லை என்று கண்டுபிடிப்பார். கைகள் செருப்பில் இருக்கும்... வாய்கள் சும்மா இருக்குமா?

கீழே தலைவரின் மனைவி தெய்வானையக்கா காத்துக்கொண்டிருந்தார். டாக்டரின் ஆளான என்னைத் தவிர பெண்களுக்கு மன்றத்தில் இடமில்லை. ஆனால் படிக்கட்டில் இடமில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையே! "என்னங்க, செருப்பு கெடைச்சுதா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டார்.

"தீர்மானம் தோத்துப்போச்சு அக்கா. இந்த வருஷமும் சிங்காரம்தான்" என்றார் சவரிமுத்து, குவியலுக்குள் கையை விட்டபடி.

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க பொண்ணு பாக்கப் போறதா கேள்விப்பட்டேனே? மீசையை வழிச்சுட்டா போகப் போறீங்க?"

அவ்வளவுதான். அண்ணன் உடைந்துவிட்டார்.

"வேணாங்கா! போட்டோல மீசை இருக்குக்கா! எனக்கு இந்த வருஷம் சேலையே வேணாம், என்னைய விட்டுடச் சொல்லுங்கக்கா!"

தலைவர் ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தார். "ஏன்யா, இதை உள்ளேயே சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ள எப்படி தலைவரே சொல்றது? உள்ள மீட்டிங் நடக்குதுல்ல!"

யாரும் இதை வினோதமாக நினைக்கவில்லை. தலைவரே, "அதுவும் சரிதான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டம் முடிந்துவிட்டது. டாக்டர் சொன்ன நேரமும் முடிந்துவிட்டது. நான் இனி மரம் இல்லை!

"தலைவரே, எனக்கு வசனம் முழுக்கத் தெரியும்."

"எங்க, சொல்லு பாப்போம்" என்றார் தெய்வானையக்கா.

என் ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்று காணோம். பரவாயில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரசவையில் மன்னனைப் பார்த்து இளவரசி கேட்கும் இடத்தை எடுத்தேன்.

"அப்பா! நாட்டுக்கு எல்லை வகுத்தீர்கள், ஏற்றுக்கொண்டேன். என்னையும் ஏன் எல்லைக் கல்லாக நட்டுவைக்கப் பார்க்கிறீர்கள்? கல்லுக்குக் கால் இல்லை. எனக்கு இருக்கிறது!"

"இருக்கிறது" என்ற இடத்தில் காலை ஓங்கி மிதித்தேன் பாருங்கள்... மரப்படி அதிர்ந்தது. கீழே முடிவெட்டும் கடையிலிருந்து முகத்தில் சோப்போடு ஒருவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

நாடகத்தில் மன்னன் வேஷம் யாருக்கு? தலைவர் நாராயணசாமிக்கு. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "போம்மா, வீட்டுக்குப் போ" என்றிருக்க வேண்டும். ஆனால் நல்ல வசனம் காதில் விழுந்தபிறகு நடிகனால் சும்மா இருக்க முடியுமா? கையிலிருந்த செருப்பை வாளாக ஓங்கி, அந்தத் தெருவே அலற, "மகளே! யாரிடம் பேசுகிறாய் என்பதை அறிவாயா?" என்று கர்ஜித்தார்!

"அறிவேன்! பெற்றவரிடம் பேசுகிறேன், கொற்றவனிடம் அல்ல!"

"அடி சக்கை!" என்றார் தெய்வானையக்கா. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். சிங்காரம் அண்ணன் நான் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அஞ்சடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்குத் தரையே தெரியவில்லை. அப்படியொரு சந்தோஷம்!

இந்த நேரத்தில்தான் டாக்டர் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தார்.

பாதிப் படியில் நின்றுவிட்டார். உள்ளே தலையாட்டினவர்களெல்லாம் வெளியே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். உறுப்பினரே இல்லாத ஒரு அம்மா நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மரம் இளவரசியாகிவிட்டது. அவசரமாகப் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார்.

பென்சிலைக் கண்டதுதான் தாமதம், தலைவர் செருப்பைக் கீழே போட்டார், தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே..." என்று ஆரம்பித்தார். சிங்காரம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் தலையாட்டத் தயாரானார்கள்.

"டாக்டர்! அந்தப் பென்சிலை உள்ள வைங்க லா!" என்று கத்தினார் தெய்வானையக்கா. "இங்க வேலை நடந்துக்கிட்டு இருக்கு!"

பாவம், வைத்துவிட்டார். அவர் வைத்த பிறகுதான் தலைவருக்குக் குரல் திரும்பியது. "சரி, இந்தப் பொண்ணோட அப்பா சம்மதிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. சிங்காரம், நீ மீசைக்கு எண்ணெய் தடவு."

மறுநாள் டாக்டர் என்னிடம், "என்ர கோட்பாடு படியில விழுந்து காலை முறிச்சுக்கொண்டுது பிள்ளை" என்றார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் குதூகலத்தில் இருந்தார்! புதிதாக ஒன்று கட்டக் கிளம்பிவிட்டார். அடுத்த கூட்டத்தைப் படி உச்சியிலேயே நடத்தச் சொல்லி, நாற்காலிகளை வெளியே போடவைத்தார். என்ன ஆயிற்று? எல்லோரும் படி உச்சியில் பதவிசாக உட்கார்ந்து தலையாட்டினார்கள். நன்றியுரை முடிந்ததும், நாற்காலியை உள்ளே வைக்கிற சாக்கில் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். டாக்டர் வெளியே நின்று கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. அப்பா.

எனக்காகக் கேட்பதாக டாக்டர் ஒப்புக்கொண்டார். ஒரு சாயங்காலம் வந்தார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேட்டி விலை. மறுபடியும் மழை. "அப்ப வாறன்" என்று எழுந்தார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறந்துவிட்டாரா, பயந்துவிட்டாரா?

அப்பா கீழே போனார். நான் மாடி ஜன்னலில் தொங்கினேன். டாக்டர் ஒரு காலில் ஷூவை மாட்டினார். இன்னொரு கால் சாக்ஸோடு நின்றது. தூணைப் பிடித்துக்கொண்டார். "அது கிடக்க... உங்கட மகள் நாடகத்தில நடிக்க ஆசைப்படுறா..."

அப்பா பதில் சொல்வதற்குள் டாக்டரே நிறுத்திவிட்டார். தன் காலைப் பார்த்தார். ஷூ போட்ட கால். ஷூ போடாத கால். மறுபடி முதல் கால்.

பிறகு சிரித்தார் பாருங்கள்! தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அது போதாமல் துணி மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "நானும்... நானும் இந்தக் கூட்டம்தான்!" என்கிறார். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பக்கத்துக் கடையில் சோடா வாங்கி வரச் சொன்னார்.

"சரி சரி, அவ நடிச்சுட்டுப் போகட்டும். நீங்க முதல்ல அந்த ஷூவைப் போடுங்க!"

நடித்தேன். "எனக்கு இருக்கிறது" என்று மேடையில் காலை மிதித்தபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் வரிசையில் சிங்காரம் அண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு விசும்பி அழுதார். மறுவாரம் பெண் பார்க்கப் போனார். அந்தப் பெண்தான் இப்போது குவீன்ஸ்டவுனில் எங்களுக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றிய அண்ணி.

நம் ஆட்கள் சபையில் முடிவு எடுப்பதில்லை என்று நான் குறை சொல்ல வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. மரியாதை வந்தால் உண்மை வெளியே வருவதில்லை. எழுந்து நின்று, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாம் நாமாக இருக்கிறோம். டாக்டர் தன் புத்தகத்தில் படிக்கட்டுக்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார் என்று கேள்வி.

அப்போ நான் கிளம்புகிறேன்... ஓ, அந்த லிஃப்ட் சங்கதி! சொல்லாமலே போகப் பார்த்தேனே?

சிங்காரம் அண்ணன்தான் இப்போது மன்றத் தலைவர். லிஃப்ட் கதவு என் கணவரின் காலை இடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தங்கச்சி, தீபாவளிக்குப் புது நாடகம். உனக்கு ஒரு வேஷம் வெச்சிருக்கேன்."

"இளவரசியா அண்ணே?"

கதவு இன்னொரு தரம் இடித்தது. "இல்லம்மா... இளவரசியோட அம்மா. இன்னும் முடிவாகல. வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்."

அம்மாவா! எனக்கு முப்பதுதானய்யா ஆகிறது!

பேசாமல் போய் உட்காரப் போகிறேன். தலைவர் சொன்னா சரி என்று தலையாட்டப் போகிறேன். நன்றியுரை முடியட்டும்... அன்றைக்கு என் செருப்பு லேசில் கிடைக்கப் போவதில்லை.